இருமும் அம்மா, இருமாத பெரியப்பா

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 63 வயது. ஒன்பது மாதமாக வறட்டு இருமல். நெஞ்சு எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன. சிரப்புகளுக்கும் அசிடிட்டி மாத்திரைக்கும் இருமல் அடங்கவில்லை. சில மாதங்களாகத் தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறது. அதே வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியப்பா, சாப்பிடும்போது ஒருமுறைகூட இருமுவதில்லை. ஆனால் இரண்டு முறை நிமோனியா வந்தது அவருக்குத்தான். யாரை எந்த மருத்துவரிடம் காட்டுவது?

இருவரையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் கேட்க வேண்டும். இருவருக்கும் சிக்கல் இருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: குரல்வளையின் வாசல். அம்மாவுக்கு அந்த இடத்தின் உணர்ச்சி தேவைக்கு மீறிக் கூர்மையாகி இருக்கக்கூடும். பெரியப்பாவுக்கு அது மரத்துப்போயிருக்கக்கூடும். அம்மாவின் இருமலை அடக்க வேண்டியிருக்கும். பெரியப்பாவுக்கோ, போய்விட்ட இருமலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். அம்மாவுக்கு வாங்கிய சிரப்பில் இரண்டு மூடி பெரியப்பாவுக்கும் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கோடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் போன்ற இருமல் அடக்கிகள், பக்கவாதம் வந்தவரிடம் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தற்காப்பையும் மழுங்கடிக்கக்கூடியவை. விழுங்குதல் சிகிச்சையில் பல ஆண்டுகளாக இருக்கும் நான் அடிக்கடி பார்த்து வருந்துவது இதைத்தான்: இருமல் எதற்காக வருகிறது என்று பார்க்கும் முன்பே அதை அடக்க மருந்து கொடுத்துவிடுகிறோம்.

தொண்டையில் மூச்சு போகும் வழியும் உணவு போகும் வழியும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. மூச்சுக்குழல் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் பின்னால். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மேலெழும்பி முன்னே நகர்கிறது, குரல்நாண்கள் இறுகச் சேர்கின்றன, குரல்வளை மூடி சாய்ந்து கவிகிறது, உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். கழுத்தின் முன்பக்கம் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலேறி இறங்குவது விரலுக்குத் தட்டுப்படும். வாசல் சரியாக மூடாமல் ஒரு துளி உள்ளே நழுவினால், அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது வேகஸ் நரம்பின் கிளையான மேல் குரல்வளை நரம்பு. உடனே இருமல் வெடித்து அதை வெளியே தள்ளுகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அதுவும் வேகஸின் இன்னொரு கிளை செய்யும் வேலைதான்.

புரை ஏறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். தட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் கொடுப்பதோ தீங்கு. இருமிக்கொண்டிருப்பவரை முன்னால் குனிந்து இருமவிடுங்கள், அது போதும். சத்தமே வராமல், மூச்சும் வராமல், முகம் நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. அப்போது தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டி, பயனில்லாவிட்டால் பின்னாலிருந்து மேல்வயிற்றை அணைத்து ஐந்து முறை உள்நோக்கி மேலே அழுத்தி, மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

இனி அம்மா. நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது. எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் வேலை உங்களுடையது. ஒரு வாரத்துக்கு, இருமல் வரும் நேரத்தையும் அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். விழுங்கும் அதே கணத்தில் வருகிறதா, விழுங்கி முடித்துச் சில நொடிகள் கழித்தா, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தா, படுத்தவுடனா, விடியற்காலையிலா? போனில் பேசும்போது, சிரிக்கும்போது, ஏசி அறைக்குள் நுழையும்போது, ஊதுபத்தி ஏற்றும்போது வருகிறதா? தண்ணீருக்கு மட்டுமா, சோற்றுக்குமா? இருமுவதற்கு முன் தொண்டையில் ஒரு அரிப்போ குறுகுறுப்போ தோன்றுகிறதா? இந்த ஒரு தாள் பல ஸ்கேன்களை மிச்சப்படுத்தும். வெறுமனே “எப்போதும் இருமுகிறார்” என்று மருத்துவரிடம் சொன்னால், அவருக்கும் இன்னொரு சிரப் எழுதுவதைத் தவிர வழி இருக்காது.

பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை நாள்பட்ட இருமல் என்கிறார்கள். குழந்தைகளுக்கு நான்கு வாரமே போதும். நம் நாட்டில் இதற்கு முன்பே இன்னொரு விதி இருக்கிறது: இரண்டு வாரம் இருமல் நீடித்தாலே காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சளிப் பரிசோதனை சரியாக இருந்ததாகச் சொல்கிறீர்கள். வறட்டு இருமல் உள்ளவர்கள் பலர் சளி வராததால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சிலில் எதுவும் தெரியாது. கொடுத்தது காறி எடுத்த சளிதானா, நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தார்களா, சிபிநாட் போன்ற மரபணுப் பரிசோதனையும் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று “ப்ரில்” என முடியும் மாத்திரை இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்தி, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போங்கள். இவ்வகை மருந்துகள் கணிசமானவர்களுக்கு வறட்டு இருமலைத் தரும், பெண்களுக்குக் கூடுதலாக. மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் இருமல் தலைகாட்டலாம் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இருமல் நின்றுவிடும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். நீங்களாக நிறுத்திவிடக்கூடாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே மருந்துகளைப் பக்கவாதம் வந்தவர்களிடம் ஆராய்ந்து, இவற்றை எடுத்துக்கொண்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்ததைக் கண்டார்கள். இருமல் அனிச்சையை இம்மருந்து கூர்மையாக்குவதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். அம்மாவைப் போன்றவர்களுக்குத் தொந்தரவாகும் அதே விளைவு பெரியப்பாவைப் போன்றவர்களுக்குக் கவசமாகிறது. (இதற்காகவே அவருக்கு அம்மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.)

மாத்திரையும் புகையும் காரணமல்ல என்றால் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள்: மூக்கு, நுரையீரல், இரைப்பை. புகை என்றால் பீடி சிகரெட் மட்டுமல்ல. பல ஆண்டுகள் விறகு அடுப்பில் சமைத்த பெண்களின் நுரையீரலும் புகைபிடித்தவர்களின் நுரையீரலைப் போலவே கெடுகிறது. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கடைப்பு, தும்மல், தொண்டைக்குள் சளி இறங்கும் உணர்வு இருந்தால் மூக்கு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் சில வாரம் தவறாமல் செய்து பார்க்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துவது பரிசோதனை ஆகாது.

ஆஸ்துமா என்றால் இளைப்பும் விசில் சத்தமும் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமா உண்டு. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை சில நேரம் சரியாகவே வந்து ஏமாற்றும். அதனால்தான் நுரையீரல் மருத்துவர்கள் சில வாரம் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்துப் பார்க்கிறார்கள். இன்ஹேலர் என்றதும் பயந்து மறுத்துவிடாதீர்கள். நம் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பால், இரவில் வாட்டியெடுக்கும் வறட்டு இருமல் வரும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்கு மேல் எகிறியிருக்கும். டையெத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் எடுத்தால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தடயம் கிடைத்துவிடும் நோய் இது. ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா என்று பார்க்கப்பட்டவர்களும் உண்டு.

அசிடிட்டி மாத்திரை கேட்கவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. தொண்டையில் எந்தத் தொந்தரவு வந்தாலும் அமிலம் மேலே ஏறுகிறது என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை எழுதும் பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. பிரிட்டனில் 346 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், செருமல், இருமல், தொண்டையில் கட்டி இருப்பது போன்ற உணர்வு ஆகியவற்றுக்கு லான்சோபிரசோல் மாத்திரையை 16 வாரம், நாளுக்கு இருவேளை கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இல்லாதவருக்கு இருமலுக்காக மட்டும் அமிலக் குறைப்பு மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவர் சங்கம் 2016லேயே சொல்லிவிட்டது. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் பேசலாம்.

இவ்வளவும் பார்த்து எதுவும் சிக்காதவர்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். ஒரு வைரஸ் காய்ச்சலோடு தொடங்கியிருக்கும். காய்ச்சல் போய்விடும், இருமல் தங்கிவிடும். குளிர்காற்று, வாசனைத் திரவியம், நீண்ட பேச்சு, ஒரு மிடறு தண்ணீர் என்று சாதாரணமானவற்றுக்கெல்லாம் தொண்டை சீறும். இருமல் நரம்பு மிகையுணர்ச்சி என்று இப்போது இதைச் சொல்கிறோம். திருடனுக்கு மட்டும் குரைக்க வேண்டிய நாய், காற்றில் ஆடும் இலைக்கெல்லாம் குரைப்பது போன்ற நிலை. இதை மனப் பிரமை என்றோ, கவனத்தை இழுக்கச் செய்வது என்றோ வீட்டார் சொல்லிவிடக்கூடாது. நாளெல்லாம் இருமுபவர்களுக்கு விலா எலும்பு விரிசல் விடுகிறது, சிறுநீர் கசிகிறது, சிலர் இருமி இருமி மயங்கி விழுகிறார்கள். சிறுநீர் கசிவதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகக் கேளுங்கள்.

இதற்கான முதல் சிகிச்சை மருந்தில்லாதது. ஆஸ்திரேலியாவில் 87 பேரிடம் நடந்த 2006ஆம் ஆண்டு ஆய்வு, பேச்சுச் சிகிச்சையாளர் கற்றுக்கொடுக்கும் இருமல் கட்டுப்பாட்டுப் பயிற்சி நன்றாகப் பலனளிப்பதைக் காட்டியது. நான்கைந்து அமர்வுகளில் முடிந்துவிடக்கூடிய பயிற்சிதான். குறுகுறுப்பு தோன்றிய அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். இருமல் கிளம்பிவிட்டால் காலம் கடந்துவிட்டது. வாயை மூடி, மூக்கால் பூ முகர்வதைப் போல இரண்டு சிறு மூச்சு இழுக்க வேண்டும். அப்போது குரல்நாண்கள் விரிகின்றன. பிறகு உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிவிட வேண்டும். தோளும் கழுத்தும் தளர்ந்திருக்க வேண்டும். அடக்கமுடியாத குறுகுறுப்பு என்றால் எச்சிலை அழுத்தமாக ஒருமுறை விழுங்க வேண்டும். முதல் வாரத்தில் பத்துக்கு ஒன்றையாவது நிறுத்த முடிந்தால் அது நல்ல தொடக்கம். ஒவ்வொரு இருமலும் குரல்நாண்களை உராய்ந்து அடுத்த இருமலுக்கு வழிவிடுகிறது. ஒன்றைத் தடுத்தால் அடுத்ததும் குறையும் என்பதுதான் இதன் அடிப்படை. காறிக் காறிச் செருமுவதையும் இப்படியே நிறுத்தப் பழக வேண்டும்.

அதற்கும் மிஞ்சினால் நரம்பின் உணர்ச்சியைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. கேபாபென்டின் பலனளிப்பதை 2012இல் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆனால் 63 வயதில் அது தரும் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் லேசாக எண்ணக்கூடாது. குறைந்த அளவில் தொடங்கி, பலனில்லையென்றால் மருத்துவர் சொல்லும் முறைப்படி குறைத்து நிறுத்திவிட வேண்டும். மேல் குரல்வளை நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து ஊசி போடும் முறையைச் சில காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்கிறார்கள். இருமலுக்கென்றே கண்டுபிடித்த ஜெஃபாபிக்சன்ட் என்ற மாத்திரைக்கு ஜப்பான் 2022இல் அனுமதி கொடுத்தது. நாக்கின் சுவையைக் கெடுப்பது அதன் பெரிய குறை, அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன இந்த மிகையுணர்ச்சிதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்பு ஒன்றை உறுதிப்படுத்தியாக வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமுவது, தண்ணீர் தொண்டையைத் தொட்டதற்கே வரும் இருமலா, அல்லது தண்ணீர் உண்மையிலேயே மூச்சுக்குழலுக்குள் போகிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. குரல் காற்று கலந்ததாகவோ கரகரப்பாகவோ மாறியிருந்தால் ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்திருக்கலாம். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும், நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து நரம்பை அழுத்தும்போதும் இப்படி ஆகும். அதற்குக் குரல்நாணுக்குள் ஊசி மூலம் பொருளைச் செலுத்தி நடுவுக்குத் தள்ளினால் பலருக்குக் குரலும் தேறும், புரை ஏறுவதும் குறையும். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்க்காமல் அம்மாவின் பரிசோதனை முழுமையடையாது.

பெரியப்பாவின் நிலை அவசரமானது. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குதல் பாதிக்கப்படுகிறது. அவர்களில் பலருக்கு சில வாரங்களில் சீராகிவிடும். சீராகாதவர்களில் ஒரு பகுதியினருக்குக் குரல்வளையின் உணர்ச்சியும் போய்விடுகிறது. உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கும். ஒரு செருமல்கூட எழாது. ஓசையில்லாமல் உள்ளிறங்குவதால் வீட்டார், “நன்றாகச் சாப்பிடுகிறார், இருமல்கூட இல்லை” என்று நிம்மதியாக இருப்பார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு: சாப்பிட்டவுடன் குரல் ஈரமாக, தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல் களகளக்கிறதா? சாப்பிடும்போது கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறதா? மூச்சு வேகமாகிறதா? ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடுகிறதா? முன்பு கால் மணி நேரத்தில் முடித்த சாப்பாடு இப்போது முக்கால் மணி ஆகிறதா? காரணம் தெரியாமல் அவ்வப்போது காய்ச்சல் வருகிறதா?

மருத்துவமனையில் முதலில் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இருமினாலோ குரல் மாறினாலோ தோல்வி. இதை வீட்டில் அவருக்குச் செய்து பார்க்காதீர்கள். சத்தமில்லாமல் உள்ளே போகும் ஒருவரிடம் இச்சோதனை ஏமாற்றவும் கூடும். கருவியால் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்கது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று எக்ஸ்-ரே வீடியோ. ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் வளர்த்தெடுத்த முறை. எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த தண்ணீர், கெட்டி திரவம், பேரியம் தடவிய பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பார்கள். வாயிலிருந்து உணவுக்குழாய் வரை கறுப்பு நிழலாக உணவு போவதையும், எந்த இடத்தில் வழி தவறுகிறது என்பதையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மற்றொன்று, சூசன் லாங்மோரும் அவருடைய குழுவினரும் 1988இல் விவரித்த எண்டோஸ்கோபி முறை. மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, பச்சை அல்லது நீல நிறமூட்டிய உணவைக் கொடுத்து, குரல்வளையை மேலிருந்து பார்ப்பார்கள். விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சதை சேர்ந்துகொள்வதால் திரை முழுவதும் வெளுத்துவிடும். திரும்பத் தெளியும்போது குரல்நாண்களுக்குக் கீழே பச்சை நிறம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகே கொண்டுவந்தே செய்யலாம். பெரியப்பாவை அசைப்பது சிரமம் என்றால் இதைக் கேளுங்கள். அறிக்கையில் 1 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும். 8 என்றால் உணவு மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது, அதை வெளியேற்ற உடல் ஒரு முயற்சியும் செய்யவில்லை என்று பொருள்.

இப்பரிசோதனையின் நோக்கம் வாய்வழி உணவை நிறுத்துவதல்ல. எந்தப் பதத்தில், எந்த நிலையில் கொடுத்தால் பத்திரமாகப் போகிறது என்று அங்கேயே முயன்று பார்ப்பதுதான் அதன் முக்கியப் பயன். முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தினால் சிலருக்கு வாசல் நன்றாக மூடுகிறது, சிலருக்கு இல்லை. தொண்டையின் ஒரு பக்கம் பலவீனம் என்றால் தலையை அந்தப் பக்கமே திருப்பி விழுங்கச் சொல்வோம். உணவு பலமான பக்கமாக இறங்கும். இவை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் யூடியூபில் பார்த்து முயல வேண்டாம்.

எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்று: அண்ணாந்து குடிக்கும் பழக்கம். உதடு படாமல் செம்பைத் தூக்கி ஊற்றிக் குடிப்பது நமக்குச் சுத்தத்தின் அடையாளம். ஆனால் தலை பின்னால் சாயும்போது மூச்சுவழி அகலத் திறந்துகொள்கிறது. தண்ணீர் வேகமாக விழுகிறது. விழுங்கத் தொண்டைக்கு நேரம் இருப்பதில்லை. ஆரோக்கியமானவர்கள் சமாளித்துவிடுவார்கள். அம்மாவும் பெரியப்பாவும் வாய் அகன்ற தம்ளரில், உதடு பட, சிறு மிடறாக, தலை நேராக வைத்துக் குடிக்கட்டும். படுத்தபடி வாயில் ஊற்றவே கூடாது.

இன்னொன்று ரசம் சாதம். உடம்பு சரியில்லாதவருக்கு முதலில் கொடுப்பது அதுதான், லேசானது என்ற நம்பிக்கையில். விழுங்குதல் சிக்கல் உள்ளவர்களுக்கு மிகக் கடினமான உணவுகளில் அது ஒன்று. பருக்கையை மெல்லும் நேரத்தில் ரசம் தனியே பிரிந்து தொண்டைக்கு ஓடிவிடும். வாசல் இன்னும் மூடியிருக்காது. மோர் சாதம், பாலில் ஊறிய ரொட்டி, சாம்பாரில் மிதக்கும் இட்லி எல்லாவற்றுக்கும் இதே கதை. நீர் தனியே பிரியாமல், ஒரே பதமாக மசித்த பருப்பு சாதமோ, கெட்டித் தயிரில் நன்றாகப் பிசைந்த குழைந்த சாதமோ பலருக்கு எளிது. இதையும் பரிசோதித்தவர் சொன்ன பிறகே கொடுங்கள்.

உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்டு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இப்போது இருக்கிறது. திரவம் எவ்வளவு கெட்டி என்று பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் போதும்: நிரப்பி, அடியில் பிடித்த விரலை எடுத்து, 10 நொடி விட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவென்றால் வெறும் தண்ணீர்ப் பதம். நான்கு முதல் எட்டு மில்லி வரை நின்றால் இரண்டாம் பதம். சிரிஞ்சின் 0 முதல் 10 வரையிலான கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் எல்லாச் சிரிஞ்சும் அப்படி இருப்பதில்லை. கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் கெட்டியாகத்தான் இருக்கின்றன என்று நம்பிவிட முடியாது. மாவுப் பொருள் என்பதால் வாயில் எச்சில் பட்டவுடன் நீர்த்துவிடும். மெதுவாக விழுங்குபவருக்குக் கரண்டியில் இருந்த பதம் தொண்டைக்குப் போகும்போது இருக்காது.

கெட்டிப்படுத்திய தண்ணீரிலும் ஒரு விலை உண்டு. ஞாபகமறதி நோயும் பார்க்கின்சனும் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், கெட்டித் திரவம் உள்ளே நழுவுவது குறைந்தது. ஆனால் மூன்று மாதக் கணக்கில், முகவாயைத் தாழ்த்தி வெறும் தண்ணீர் குடித்தவர்களைவிட நிமோனியா கணிசமாகக் குறைந்துவிடவில்லை. நீர்ச்சத்துக் குறைவும் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கே கூடுதலாக வந்தன. அதைக் குடிக்கப் பிடிக்காமல் தண்ணீரையே தவிர்த்துவிடுவார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து செய்யுங்கள்: பெரியப்பாவின் வாயைக் காலையும் இரவும் பிரஷ் கொண்டு சுத்தம் செய்யுங்கள். நாக்கையும், கன்னத்தின் உட்புறத்தையும், பல்செட் இருந்தால் கழற்றி அதையும். நுரையீரலைக் கெடுப்பது சோற்றுப் பருக்கையைவிட அதோடு போகும் வாய்க் கிருமிகள்தான். லாங்மோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், விழுங்குதல் கோளாறு மட்டும் இருப்பதைவிட, பிறர் ஊட்டவேண்டிய நிலை, வாயைச் சுத்தம் செய்யப் பிறரை நம்பியிருக்கும் நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவைதான் நிமோனியாவை முன்கூட்டிக் காட்டின. மூக்குக் குழாய் போட்டாகிவிட்டது, வாயால் சாப்பிடவில்லை, எதற்குப் பல் தேய்ப்பது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வாயில் ஊறும் எச்சிலும் மூச்சுக்குழலுக்குள்தான் போகிறது. குழாய் போட்டால் நிமோனியா வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. குழாய் வழியாக உணவு கொடுக்கும்போதும், கொடுத்து முடித்து ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

விழுங்கும் தசைகளுக்கும் பயிற்சி உண்டு. மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, குரல்வளை மேலேறிய நிலையில் சில நொடி பிடித்து நிறுத்துவது, எதிர்ப்புத் தரும் சிறு கருவிக்குள் வேகமாக ஊதுவது. கடைசியாகச் சொன்னது மூச்சை வெளித்தள்ளும் தசைகளுக்கு வலுவூட்டுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் விழுங்குதலின் பாதுகாப்பு மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியப்பாவுக்கு நாம் வளர்க்க விரும்பும் இருமல் இந்த வழியில்தான் வரும்.

இருவருக்கும் பொருந்தாவிட்டாலும் உணவுக்குழாயைப் பற்றிச் சிறிது சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் இட்லி, சப்பாத்தி அடைத்து, பிறகு குழைந்த சோறு, பிறகு கஞ்சி என்று சில வாரங்களில் படிப்படியாக இறுகிக்கொண்டே வந்தால் புற்றுநோயைச் சந்தேகித்து உடனே எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். தொண்டையில் அடைப்பதாக நோயாளி காட்டும் இடத்தை நம்ப வேண்டாம். நெஞ்சின் அடியில் இருக்கும் அடைப்பும் கழுத்தில் உணரப்படலாம். தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சோறும் சமமாக நின்று, இரவில் படுத்தால் செரிக்காத உணவு தலையணையில் வழிந்து, அதனால் இருமல் வருகிறது என்றால் அது அக்கலேசியாவாக இருக்கலாம். உணவுக்குழாயின் கீழ்வாய் தளர மறுக்கும் நோய். உணவுக்குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனையில் உறுதிப்படும். பலூன் விரிப்பும் அறுவை சிகிச்சையும் முன்பே உண்டு. வாய் வழியாகவே உள்தசையை வெட்டிவிடும் முறையை ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் தொடங்கிவைத்தார், இப்போது நம் ஊரிலும் செய்கிறார்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்குத் தொண்டைக்குக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து திட உணவைத் தடுப்பதும் உண்டு; இரும்புச்சத்தும் ஒருமுறை விரிப்பதும் பெரும்பாலும் போதும்.

இனி யாரிடம் போவது. அம்மாவுக்கு முதலில் நுரையீரல் மருத்துவர், பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர். இருமலில் ரத்தம், எடை குறைவு, மூன்று வாரத்துக்கு மேல் குரல் மாற்றம், இரவு வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். பெரியப்பாவுக்கு நரம்பியல் மருத்துவரின் பரிந்துரையோடு விழுங்குதல் சிகிச்சை அளிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பேச்சுச் சிகிச்சையாளரும் விழுங்குதலைப் பார்ப்பதில்லை, தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே எண்டோஸ்கோபி முறையோ எக்ஸ்-ரே வீடியோவோ இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பெரியப்பாவை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில், எந்தப் பத எண்ணில் உணவு, எந்த எண்ணில் திரவம், தலை எந்த நிலையில், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா, மறுபரிசோதனை எப்போது என்ற ஐந்தையும் எழுதி வாங்குங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மறுபரிசோதனைத் தேதியை அவர்களாக எழுதாவிட்டால் நீங்கள் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் தேவைப்பட்ட மசித்த உணவையும் குழாயையும், தொண்டை தேறிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடரும் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். மறுபடியும் பார்க்க யாரும் அழைக்காதது மட்டும்தான் காரணம்.